பழைய இராணுவ வாகனங்களின் சக்கரங்கள்: காற்றை இறக்காமல் நட்டில் கைவைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இராணுவ ஜீப்புகள், லாண்ட் ரோவர்கள், பெட்போர்ட் லொறிகள் ஆகியவற்றின் சக்கரங்களைக் கழற்றி டயர் மாற்றும் வேலையிலுள்ள உயிராபத்தைப் பற்றி, வாகன உரிமையாளர்களுக்கும், கராஜ் வைத்திருப்போருக்கும், பஞ்சர் ஒட்டும் கடைகளில் வேலை பழகும் பிள்ளைகளுக்கும் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். மோட்டார் இயந்திரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையிலும், இந்த வாகனங்கள் மீது இளமை முதல் பற்றுள்ளவன் என்ற வகையிலும் இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான். இவற்றின் சக்கரங்களில் பல, இன்றைய கார், வான் சக்கரங்களைப் போல ஒரே துண்டாகச் செய்யப்பட்டவை அல்ல; எனவே டயரிலுள்ள காற்றை முழுவதும் இறக்காமல் அவற்றின் எந்த நட்டிலும் ஸ்பனர் வைக்கக் கூடாது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், கொட்டிலிலும் வேலியோரத்திலும் கிடந்த பழைய வாகனங்களுக்குத் திடீரென்று ஒரு மதிப்பு வந்தது. 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிய போதிலும் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், பழையதைத் திருத்தி ஓட்டுவோமே என்ற எண்ணம் பலரிடம் நிலைத்துவிட்டது. அதோடு, பாட்டனார் காலத்து ஜீப்பை அதன் பழைய தோற்றத்துக்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் இளைஞர்களிடம் வளர்ந்திருக்கிறது. இது மிகவும் நல்ல ஆசை; அதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் எஞ்சினையும் பெயின்ற்றையும் பற்றி விசாரித்து விசாரித்து அறிந்துகொள்கிறவர்கள், சக்கரத்தை மட்டும் முச்சந்தியிலுள்ள பஞ்சர் கடையில் இறக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். அந்தக் கடையில் இருக்கும் பிள்ளையோ மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, உழவு இயந்திரம் ஆகியவற்றின் டயர்களோடு வளர்ந்தவன். இப்படிப்பட்ட ஒரு ரிம்மை அவன் முன்பு கண்டிருக்க மாட்டான்.

இரண்டாம் உலகப் போர் நம் கரையையும் தொட்டுச் சென்ற ஒன்று. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில்தான் மூழ்கடிக்கப்பட்டது. 1944 இல் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் கண்டிக்கே வந்தது. படைகளோடு வாகனங்களும் வந்தன. அமெரிக்காவில் வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் போர்க்காலத்தில் செய்து குவித்த ஜீப்புகள் மட்டும் ஆறு இலட்சத்துக்கு மேல். 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி இங்கினியாகலையில் அணை எழுந்தபோது கனரக இயந்திரங்களும் லொறிகளும் அம்பாறைக் காட்டுக்குள் வந்து சேர்ந்தன. பின்னாளில் இலங்கை இராணுவத்திலும் அரச திணைக்களங்களிலும் ஓடிக் கழிந்த லாண்ட் ரோவர்கள் ஏலத்தில் போய் வயல்காரர், மர வியாபாரி, கல்லுடைப்பவர் என்று கைமாறின. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் சேற்றுப் பாதையில் நெல் மூட்டையோடு போகக்கூடிய வாகனம் வேறு எதுவும் இல்லாதிருந்த காலம் அது. ஆகவே இவை நூதனசாலைப் பொருள்கள் அல்ல. நம் ஊரின் உழைப்பில் பங்குகொண்டவை.

இவற்றின் சக்கரங்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். முதலாவது ஒரே துண்டாக அழுத்திச் செய்த சாதாரண ரிம். நடுவில் பள்ளம் இருக்கும், டயரின் ஓரத்தை அந்தப் பள்ளத்தில் இறக்கி லீவரால் நெம்பிக் கழற்றலாம். இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது, இரண்டு பாதிகளை நட்டும் போல்ட்டும் போட்டுச் சேர்த்த பிளவு ரிம். மூன்றாவது, லொறிச் சக்கரங்களில் காணப்படும் லொக் ரிங் ரிம். பின்னிரண்டும்தான் ஆளைக் கொல்பவை.

பிளவு ரிம் ஏன் செய்யப்பட்டது என்பதை விளங்கிக்கொண்டால் அதன் ஆபத்தும் தானாகவே விளங்கும். போர்க்களத்தில் டயரில் குண்டு பட்டுக் காற்று போனாலும் வண்டி நிற்காமல் ஓட வேண்டும். சாதாரண ரிம்மில் காற்று இல்லாமல் ஓடினால், டயரின் ஓரம் நடுப்பள்ளத்துக்குள் விழுந்து டயர் கழன்றுவிடும். அதைத் தடுப்பதற்காகவே ரிம்மை உள்பாதி, வெளிப்பாதி என்று இரண்டாகச் செய்து, டயரின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் ஓர் இரும்பு வளையத்தை வைத்து, இரு பாதிகளையும் சுற்றிவர நட்டுப் போட்டு இறுக்கினார்கள். டயரின் ஓரங்கள் அந்த வளையத்துக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கிப் பிடிபட்டுக்கொள்ளும். காற்றே இல்லாவிட்டாலும் கழலாது. போர்க்கால ஜீப்புகளில் முதலில் சாதாரண ரிம் வந்தது. பின்னர் இந்த வகை வந்தது. டொஜ் இராணுவ வண்டிகளிலும், பிரித்தானியப் படையின் பெட்போர்ட் முதலிய வண்டிகளிலும், பிற்கால இராணுவ லாண்ட் ரோவர்கள் சிலவற்றிலும் இதே ஏற்பாடு உண்டு.

இப்போது சக்கரத்தின் முகத்தைப் பாருங்கள். நடுவில் ஹப்பைச் சுற்றி, ஜீப்பிலும் லாண்ட் ரோவரிலும் என்றால் ஐந்து நட்டுகள். அவை சக்கரத்தை வண்டியோடு பிடித்திருப்பவை. அவற்றுக்கு வெளியே, ரிம்மின் ஓரத்தை ஒட்டி இன்னொரு வட்டமாக நட்டுகள். அவை ரிம்மின் இரு பாதிகளையும் ஒன்றோடொன்று பிடித்திருப்பவை. முதல் வட்டத்தைக் கழற்றினால் சக்கரம் வண்டியிலிருந்து கழலும். காற்று இருக்கும்போது இரண்டாம் வட்டத்தைக் கழற்றினால், கடைசியாக எஞ்சி நிற்கும் ஓரிரு போல்ட்டுகள் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் அறுந்து, வெளிப்பாதி ரிம் எதிரே குனிந்திருப்பவரின் முகத்துக்கோ நெஞ்சுக்கோ பாயும். இந்தக் குழப்பம் பயிற்சி பெற்ற படையினருக்கே நேர்ந்ததால்தான், பிரித்தானிய இராணுவத்தில் ரிம்மைச் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ற் பூசும் வழக்கம் ஏற்பட்டது. சிவப்பு நட்டு என்றால் காற்றை இறக்காமல் தொடாதே என்று பொருள். பல கைமாறி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நிறம் அடிக்கப்பட்டு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும் வண்டிகளில் அந்தச் சிவப்பு மறைந்து போய்விட்டது. வெள்ளியும் கறுப்பும் பச்சையுமாக அழகுபடுத்தப்பட்ட சக்கரத்தில் எந்த நட்டு எதற்கு என்று புதியவர் எவருக்கும் தெரியாது.

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலுள்ள ஒரு கடையில் இதை நான் கண்ணாரக் கண்டேன். வயல்காரர் ஒருவர் தமது ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, டியூப் மாற்றுவதற்காகக் கொடுத்திருந்தார். பதினேழு வயது மதிக்கத்தக்க பிள்ளை ஒருவன் அதை நிலத்தில் படுக்கவைத்து, ரிம்மின் ஓரத்து நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஸ்பனரில் குழாயைச் செருகி ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். “தம்பி, காத்த இறக்கினியா?” என்று கேட்டேன். “பாதி போயிருக்கு சேர், கழட்டிப்போட்டு மிச்சத்த இறக்குவம் எண்டு பாத்தன்” என்றான். அவனது முழங்கால் ரிம்மின் மேல் ஊன்றியிருந்தது. நிறுத்தச் சொல்லி வால்வின் உள்ளூசியைக் கழற்றினோம். காற்றுச் சிறிது சீறிவிட்டு நின்றுவிட்டது. டயரை அழுத்திப் பார்த்தால் இன்னும் விறைப்பாகவே இருந்தது. மெல்லிய கம்பி ஒன்றை வால்வுக்குள் விட்டுத் துழாவியதும், துருத்தூளோடு மீதிக் காற்று பீறிட்டு வந்தது. அது முழுவதும் அடங்கிய பின்னர் ரிம்மைப் பிரித்தபோது, போல்ட்டுகளில் இரண்டு பாதித் தடிப்புக்குத் தேய்ந்து, புரி உதிர்ந்து, விரலால் சுழற்றியே எடுக்கக்கூடிய நிலையில் இருந்தன. உள்வளையத்தின் துரு பாளம் பாளமாகப் பெயர்ந்து அந்தப் பிள்ளையின் உள்ளங்கையில் கொட்டியது. காற்று இருந்த நேரத்தில் மற்ற நட்டுகளையும் அவன் தளர்த்தியிருந்தால் அந்த இரண்டு போல்ட்டுகள் எதையும் தாங்கியிருக்க மாட்டா. அவன் கவனக்குறைவான பிள்ளை அல்ல. ஆபத்து இருக்கிறது என்று எவரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுதான் என்னை வருத்துகிறது.

ஆகவே முறை இதுதான். சக்கரம் வண்டியில் இருக்கும்போதே, ஜாக்கி போடுவதற்கும் முன்னரே, வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை இறக்குங்கள். சீறல் நின்றதும் போதும் என்று நினைக்காமல், வால்வுக்குள் கம்பி விட்டு அடைப்பு இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். பின் அச்சில் இரட்டைச் சக்கரம் உள்ள லொறியென்றால் உள்சக்கரம், வெளிச்சக்கரம் இரண்டிலும் காற்றை இறக்குங்கள். ரிம்மில் வெடிப்பு இருந்து, அதை இதுவரை பிடித்துவைத்திருந்தது ஹப்பின் நட்டுகள் மட்டுமே என்றால், அவற்றைத் தளர்த்தும் கணத்திலேயே சக்கரம் சிதறிவிடும். இவ்வளவும் செய்வதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

லொக் ரிங் விடயத்துக்கு வருகிறேன். பழைய டாட்டா, லேலண்ட் லொறிகளில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. புதிதல்ல என்பதாலேயே அசட்டை மிகுதி. ரிம்மின் ஒரு பக்க ஓரம் நிலையானது; மறுபக்க ஓரம் தனியான வளையம். அந்த வளையம் வெளியே நழுவிவிடாதபடி, ஓரிடத்தில் வெட்டுண்ட இன்னொரு வளையம் ரிம்மைச் சுற்றியுள்ள காடி என்ற பள்ளத்துக்குள் போய் அமர்ந்துகொள்ளும். அதுவே லொக் ரிங். காற்றின் அழுத்தம்தான் அதை இருந்த இடத்தில் இறுக்கி வைக்கிறது. காடியில் துருவோ மண்ணோ அடைத்திருந்தால், வளையம் நெளிந்திருந்தால், அல்லது வேறொரு அளவு ரிம்முக்குரிய வளையத்தைக் கொண்டுவந்து போட்டிருந்தால், அது சரியாக அமர்ந்ததுபோலத் தோற்றம் தரும். காற்று ஏறஏற ஒரு கட்டத்தில் தெறித்துவிடும்.

அதன் பலத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 அங்குல ரிம்மில் ஏற்றிய லொறி டயரொன்றின் ஒரு பக்கச் சுவரின் உட்பரப்பு ஏறத்தாழ 500 சதுர அங்குலம் என்று கொள்வோம். ஒரு சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அழுத்தத்தில் காற்று இருந்தால், அந்தப் பக்கத்தின் மீதுள்ள மொத்த விசை 30,000 இறாத்தல். அதாவது 13 தொன்னுக்கு மேல். அதில் ஒரு பகுதிதான் வளையத்தின் மேல் விழுகிறது என்றாலும், அந்தப் பகுதியே மனித உடம்பு தாங்கக்கூடிய எதையும் விடப் பல மடங்கு பெரியது. வளையம் அமரவில்லை என்று கண்டு, காற்றேற்றிய டயரின் மேல் சுத்தியலால் தட்டி அமர்த்தும் பழக்கம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. அந்தத் தட்டுத்தான் பலரை அனுப்பிவைத்த தட்டு. வளையம் கோணலாக இருந்தால் காற்று முழுவதையும் இறக்கி, கழற்றி, காடியைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, மீண்டும் மாட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை.

காற்றேற்றும் போது கூண்டு வேண்டும். தடித்த இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டிய ஒரு கூண்டுக்குள் சக்கரத்தை நிறுத்தி, வால்வில் தானே கவ்விப் பிடித்துக்கொள்ளும் முனையுடைய நீண்ட குழாயைப் பொருத்தி, சக்கரத்தின் முகத்துக்கு நேரே நில்லாமல் ஒதுங்கி நின்று காற்றேற்ற வேண்டும். அமெரிக்காவில் லொறி போன்ற பெரிய வாகனங்களின் பல துண்டு ரிம்களைக் கையாளும் வேலைத்தலங்களில் கூண்டும், கவ்வும் முனையும், தொழிலாளிக்குப் பயிற்சியும் இருக்க வேண்டும் என்று 1980 ஆம் ஆண்டிலேயே சட்டவிதி கொண்டுவந்தார்கள். 1984 இல் அதை ஒரே துண்டு ரிம்களுக்கும் விரித்தார்கள். வளையங்களை ஒரு ரிம்மிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போடக் கூடாது, வெடிப்பு விட்ட ரிம்மை ஒட்டிச் சரிசெய்யக் கூடாது, உரிய அழுத்தத்தின் 80 வீதம் அல்லது அதற்கும் கீழாக ஓடிய டயரைக் கழற்றிச் சோதிக்காமல் மீண்டும் காற்றேற்றக் கூடாது என்பனவும் அந்த விதிகளில் அடங்கும். 60 இறாத்தலில் ஓட வேண்டிய டயர் 48 இறாத்தலுக்கு இறங்கிவிட்டால், அதை அப்படியே நிரப்பி அனுப்பக் கூடாது என்பது இதன் கருத்து. நமது பகுதியில் கூண்டு வைத்திருக்கும் கடைகள் மிக அரிது. சில இடங்களில் சக்கரத்தைச் சங்கிலியால் சுற்றிவிட்டுக் காற்றேற்றுகிறார்கள். ஒன்றுமில்லாததை விட அது மேல், ஆனால் கூண்டுக்கு ஈடாகாது. காத்தான்குடியிலும், கல்முனையிலும், ஏறாவூரிலும் வீட்டுக் கதவும் யன்னல் கம்பியும் ஒட்டிக்கொடுக்கும் கைதேர்ந்த ஒட்டு வேலைக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சரியான வரைபடம் ஒன்றைக் கொடுத்தால் கூண்டு செய்வது அவர்களுக்குப் பெரிய வேலையாகாது.

ஒட்டு வேலை என்றதும் இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டயர் ஏறியிருக்கும் ரிம்மில் எக்காரணம் கொண்டும் வெல்டிங் வைக்கவோ, இறுகிய நட்டைக் கேஸ் விளக்கால் சூடேற்றவோ கூடாது. வெப்பத்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வெந்து, எரியக்கூடிய வாயுவை வெளிவிடும். அது உள்ளிருக்கும் காற்றோடு சேர்ந்து, சில சமயம் வெல்டிங்கை நிறுத்தி நேரம் கழித்துக்கூட, வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டோமே என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. டயரைக் கழற்றிய பின்னரே நெருப்பு.

ஜாக்கி போடுவதைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கடலோர எழுவான்கரையில் மணல், படுவான்கரையில் களி. இரண்டிலும் ஜாக்கி இறங்கும். அகலமான பலகைத் துண்டொன்றை வண்டியிலேயே வைத்திருப்பது அவசியம். அதைவிட முக்கியமானது கைப்பிரேக்கு. இந்த ஜீப்புகளிலும் பழைய லாண்ட் ரோவர்களிலும் கைப்பிரேக்குச் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகும் தண்டைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை நிலத்திலிருந்து தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் எதிர்ப்புறமாகச் சுழல, நிலத்திலுள்ள மற்றச் சக்கரமும் உருளத் தொடங்கிவிடும். இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதியான டிபரன்ஷலின் இயல்பு அது. கைப்பிரேக்கு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஆகையால் நிலத்திலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்த பிறகே தூக்க வேண்டும். காரில் பழகியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

நட்டுகளின் புரி பற்றியும் ஒன்று. வில்லிஸ் ஜீப்பிலும், டொஜ்ஜிலும், வேறு பல பழைய லொறிகளிலும் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு எதிர்ப்புரி வைத்திருக்கிறார்கள். சக்கரம் சுழலும் திசையால் நட்டு தளர்ந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். வழமையாகக் கழற்றும் பக்கம் திருப்பினால் அவை மேலும் இறுகும். இறுகுகிறதே என்று ஆறடிக் குழாயைச் செருகி இரண்டு பேர் ஏறி நின்று மிதித்து, நட்டு ஏறும் புரித்தண்டான ஸ்டட்டை முறித்த கதைகள் எல்லாக் கராஜிலும் உண்டு. ஸ்டட்டின் அல்லது நட்டின் முகத்தில் இடப்பக்கத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். ஆனால் கண்மூடி நம்பவும் வேண்டாம்: பல தடவை அச்சு மாற்றப்பட்ட வண்டிகளில் வலப்பக்கத்து ஹப் இடப்பக்கத்துக்கு வந்திருக்கும். லாண்ட் ரோவரில் இரு பக்கமும் வழமையான புரியே. திரும்பப் பூட்டும்போது எதிரெதிரான நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்கி, சிறிது தூரம் ஓடிய பின் மறுபடியும் இறுக்க வேண்டும். அழகுக்காகத் தடிப்பாகப் பெயின்ற் அடித்த சக்கரங்களில் இது இன்னும் முக்கியம்; நட்டு அமரும் இடத்திலுள்ள பெயின்ற் நசுங்கி உதிரும்போது நட்டு தானாகவே தளர்ந்துவிடும். அந்த இடங்களில் பெயின்ற்றைச் சுரண்டிவிடுவதே நல்லது.

டயரைத் தேர்ந்தெடுப்பதிலும் சிக்கல் உண்டு. போர்க்கால ஜீப்பின் டயர் அளவு 6.00-16. முன்னும் பின்னும் எந்தத் திசையில் பூட்டினாலும் ஒரே மாதிரிப் பிடிக்கும் குறுக்கு ரப்பர்க் கட்டை அமைப்பு அதற்குரியது. நெடிய சட்டமுள்ள லாண்ட் ரோவருக்கு 7.50-16. அளவு சரியாக அமைவது தோற்றத்துக்காக மட்டுமல்ல. இந்த வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் டிபரன்ஷல் கிடையாது. நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுத்து ஓட்டும்போது, முன் டயரும் பின் டயரும் சுற்றளவில் வேறுபட்டால், அந்த வேறுபாடு முழுவதும் கியர்ப் பெட்டியின் பற்களில்தான் போய் முடியும். சேற்றில் சக்கரம் வழுக்கிவிடுவதால் தப்பும். தார் வீதியில் தப்பாது. முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயருமாக ஓட்டிவிட்டு, கியர் கழலவில்லை என்று கியர்ப் பெட்டியைப் பிரிக்கிறவர்கள் முதலில் டயர்களை நூல் பிடித்து அளந்து பார்க்கட்டும்.

பழைய டயர்களில் கட்டைகள் உயரமாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. கொட்டிலில் கிடந்த டயரின் ரப்பர் இறுகி, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் விட்டிருக்கும். 2000 ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட டயர்களில் பெரும்பாலும் நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பார்கள். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. 1216 என்றிருந்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது கடந்த நூற்றாண்டின் டயர். அதைக் கண்காட்சிக்கு வைக்கலாம், வீதியில் ஓட்டக் கூடாது. பிளவு ரிம்மிலும் லொக் ரிங் ரிம்மிலும் டியூப் இல்லாமல் ஓட முடியாது, துண்டுகளின் இணைப்பு வழியே காற்று போய்விடும். லொறிச் சக்கரத்தில் டியூப்புக்கும் ரிம்முக்கும் நடுவே பிளாப் எனும் ரப்பர்ப் பட்டை கட்டாயம் வேண்டும். டயரின் ஓரத்துக்குச் சவர்க்கார நீர் போதுமானது. கிறீஸும் டீசலும் ரப்பரை அரிக்கும். நமது உப்புக் காற்றில், வாவியோரத்தில் நிறுத்தும் வண்டிகளின் ரிம் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. வெளியே பளபளவென்று பெயின்ற் இருப்பதைக் கொண்டு எதையும் முடிவுசெய்ய முடியாது. டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரிம்மைச் சுரண்டி, வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பார்த்து, துருத் தடுப்பு மை பூச வேண்டும். பாதித் தடிப்புக்கு அரிக்கப்பட்ட ரிம்மைப் பழம்பொருள் என்று பாசத்தோடு வைத்திருக்க விரும்பினால் சுவரில் மாட்டி வையுங்கள்.

இத்தகைய வண்டிகளில் சாதாரண ரிம்மை மாற்றிப் போட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. நாளாந்தம் வயலுக்கும் சந்தைக்கும் ஓடும் வண்டியென்றால் அதுவே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அசல் தோற்றத்தைப் பேண விரும்புகிறவர்கள் பிளவு ரிம்மை வைத்திருப்பதை நான் மறுக்கவில்லை, அது அவ்வாகனத்தின் வரலாறு. ஆனால் அதன் நட்டுகளையும் போல்ட்டுகளையும் புதிதாக, உரிய பலமுள்ளவையாக மாற்றி, அதைக் கையாளத் தெரிந்தவரின் கையில் மட்டுமே கொடுக்க வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண போல்ட்டை அளவு சரி என்பதற்காகப் போட்டுவிடக் கூடாது.

பொறுப்புள்ளவர்களிடம் என் வேண்டுகோள் இது. மட்டக்களப்புத் தொழினுட்பக் கல்லூரியும், அம்பாறை ஹார்டி நிறுவகமும், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் மோட்டார் இயந்திரவியல் மாணவர்களுக்குப் பல துண்டு ரிம்மைக் கழற்றிப் பூட்டும் செய்முறைப் பாடம் ஒன்றை நடத்த வேண்டும். குறுக்கே வெட்டிய பழைய ரிம் ஒன்று இருந்தால் போதும்; வளையம் எப்படி அமர்கிறது, எப்படித் தவறுகிறது என்பதை மாணவன் விரலால் தொட்டே அறிந்துகொள்வான். டயர் கடைகளுக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் வழங்கும் பிரதேச சபைகளும் மாநகர சபைகளும், கொம்பிரஷர் இருக்கிறதா என்று பார்க்கும்போதே கூண்டு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். சிறிய கடைக்காரர்களின் தலையில் திடீரென்று தண்டப்பணத்தைச் சுமத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நாளுழைப்பில் வாழ்கிறவர்கள். ஒரு கூண்டைப் பல கடைகள் பொதுவில் வைத்துக்கொள்ளவும், சபையே ஒன்றைச் செய்து சந்தைக் கட்டடத்தோடு வைக்கவும் வழியுண்டு.

உரிமையாளர்களோ எவருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் ஜீப்பிலோ லாண்ட் ரோவரிலோ ரிம்மைச் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகள் இருந்தால், இந்த வாரமே அவற்றுக்குச் சிவப்புப் பெயின்ற் பூசுங்கள். மேலதிகச் சக்கரத்தையும் மறந்துவிட வேண்டாம். டயர் கடையில் இறக்கும்போது அது எந்த வகை ரிம் என்பதை அந்தப் பிள்ளைக்கு வாயால் சொல்லி, வால்வின் ஊசியை அவன் கழற்றும்வரை அருகில் நில்லுங்கள். எந்தப் பயிற்சி நிலையமாவது அழைத்தால், என்னிடமுள்ள வெட்டிய ரிம்மையும் லொக் ரிங்கையும் கொண்டுவந்து எவ்விதக் கட்டணமும் இன்றிச் செய்துகாட்ட ஆயத்தமாக இருக்கிறேன். இக்கடிதத்தோடு ஆசிரியபீடத்துக்கு மட்டும் என் முகவரியை இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மோட்டார் இயந்திரவியல் போதனாசிரியர்,
மட்டக்களப்பு.